கத்தாத பிராணி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் கறிக்காக முயல் வளர்ப்பதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவம் படித்தவள் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில், நத்தம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக் கொல்லையில், புங்க மரத்தடியில், 11 வருடமாக முயல் வளர்க்கிறோம். பார்த்ததையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

ஆட்டுக்குப் பசித்தால் கத்தும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்தால் வாசலைப் பார்த்துக் கூப்பிடும். கோழி ஒரு முட்டை இட்டதற்கே தெருவைக் கூட்டும். முயல் கத்தாது. தாகம் எடுத்தாலும் கத்தாது, வயிறு உப்பினாலும் கத்தாது, வெயில் தாங்காமல் உயிர் போகிற நேரத்திலும் ஒரு மூலையில் படுத்தபடியே போய்விடும். இத்தனை வருடத்தில் எங்கள் முயல் வாய்விட்டு அலறிக் கேட்டது ஒரே ஒரு ராத்திரி. கூண்டின் அடிக்கம்பி ஓர் இடத்தில் அறுந்திருந்தது. அந்த வழியாக ஒரு பூனை அதன் பின்னங்காலைக் கவ்விவிட்டது. குழந்தை வீறிட்டது போல இருந்தது அந்தச் சத்தம். மற்ற எல்லாக் கஷ்டத்தையும் அது சத்தமில்லாமல்தான் படும். அதனால் முயல் வளர்க்கிறவருக்கு முதலில் வேண்டியது பார்க்கிற கண். பணமும் இடமும் அதற்குப் பிறகுதான்.

முயல் என்றதும் காட்டில் ஓடுகிற முயல் நினைவுக்கு வரும். அது வேறு, நாம் வளர்ப்பது வேறு. நம் காட்டு முயல் புல்லுக்குள் குட்டி போடும். குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் ரோமம், கண் திறந்திருக்கும். வளர்ப்பு முயலின் குட்டி ரோமம் இல்லாமல், கண் மூடி, கட்டைவிரல் நீளத்துக்குப் பிறக்கும். இரண்டும் ஒன்றோடொன்று இனம் சேராது. காட்டு முயலைப் பிடிப்பதும் கண்ணி வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளர்ப்பு முயலுக்கு அந்தத் தடை கிடையாது.

கறிக்கென்று நம் பக்கம் வளர்ப்பவை வெள்ளை ஜெயண்ட், சாம்பல் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை. கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அங்கே செம்மறியோடு முயலையும் வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். அந்தக் குளிரில் முயலைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கும். ரோமம் மினுமினுக்க, துறுதுறு என்று இருக்கும். அதே முயலைச் சித்திரை மாதம் எங்கள் ஊரில் வைத்துக் காப்பாற்றுவதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

எங்களுடைய இரண்டாவது கோடை அது. கூண்டுகளுக்கு மேலே சிமெண்ட் ஓடு போட்டிருந்தோம். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள், பக்கத்து ஊர் விசேஷத்துக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினோம். நாலு பெரிய முயல் செத்துக் கிடந்தன. அதில் இரண்டு சினை. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்திருந்தது. காலையில் வைத்த தண்ணீர் போதும் என்று நினைத்தது என் தப்பு. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் வெளியே தள்ளும். அதனால்தான் அவ்வளவு நீளக் காது, அதில் அவ்வளவு ரத்தக்குழாய். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் திண்டாட்டம். உடம்பை நீட்டிப் படுக்கும், காதைப் பரத்திக்கொள்ளும், மூக்கைச் சுற்றி ஈரமாகும், வயிறு வேகவேகமாக ஏறி இறங்கும். இதைப் பார்த்ததும் ஈரத் துணியால் காதைத் துடைத்துவிடுங்கள். பதறிப்போய்க் குளிர்ந்த தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும். இப்போது நாங்கள் ஓட்டை எடுத்துவிட்டுத் தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறோம். மேற்குப் பக்கம் சாக்குப் படுதா. பங்குனி முதல் ஆடி வரை பகல் முழுக்க அது நனைந்தே இருக்கும். உச்சி வெயிலில், ஐஸ் கட்டவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் போட்டால், அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

கடும் வெயிலுக்குப் பிறகு பெட்டை சினை பிடிக்கவில்லை என்றால் பெட்டையைக் குறை சொல்லி விற்றுவிடாதீர்கள். சூட்டில் ஆண் முயலுக்கு விந்து வீரியம் போய்விடும். திரும்பி வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். இது தெரியாமல் நல்ல பெட்டை ஒன்றை நாங்கள் கழித்துக்கட்டியிருக்கிறோம்.

இனச்சேர்க்கைக்குப் பெட்டையைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால், தன் இடத்துக்குள் வந்தவனைப் பெட்டை கடித்துக் குதறிவிடும். மாடு மாதிரி பருவத்துக்கு வரும் நாள் கணக்கெல்லாம் முயலுக்குக் கிடையாது. ஆணோடு சேர்ந்து ஏறக்குறைய 10 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டையே வெளிவரும். காலை வெயிலுக்கு முன்னால் விடுங்கள். சேர்ந்ததும் ஆண் பக்கவாட்டில் சாய்ந்து விழும், அதுதான் அடையாளம். பதினாலாம் நாள் அடிவயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தால் சின்னத் திராட்சை போல விரலுக்குள் வழுக்கி உருளும். இது கைப்பழக்கம். முதலில் கால்நடை மருத்துவரை வைத்துப் பார்த்துப் பழகுங்கள். தெரியாமல் அழுத்தினால் கரு கலைந்துவிடும்.

சினைக்காலம் 28 முதல் 32 நாள். 27-ஆம் நாள் குட்டிப் பெட்டியை உள்ளே வையுங்கள். எங்களுடையது பழைய ஆப்பிள் பெட்டிப் பலகையில் அடித்தது, உள்ளே தேங்காய் நாரும் காய்ந்த புல்லும். குட்டி போடுவதற்கு முன்னால் தாய் தன் மார்பிலும் வயிற்றிலும் இருக்கிற ரோமத்தைத் தானே பிடுங்கி மெத்தை போடும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ சொறி வந்துவிட்டது என்று பயந்தேன். அப்புறம் பெட்டியைப் பார்த்தால், பஞ்சு போல ரோமக் குவியல், அதற்கடியில் ஏழு குட்டி நெளிந்துகொண்டிருந்தது. ஒரு தாய் தன் உடம்பிலிருந்தே பிடுங்கித் தொட்டில் கட்டுவதைப் பார்த்த பிறகு, அந்தப் பிராணியிடம் அலட்சியமாக இருக்க மனம் வரவில்லை.

இங்கேதான் நான் பெரிய தப்புச் செய்தேன். பகல் முழுக்கத் தாய் பெட்டிப் பக்கமே போகவில்லை. குட்டிகளை ஒதுக்கிவிட்டது என்று முடிவு கட்டி, பசும்பாலை இங்க் ஃபில்லரில் புகட்டினேன். மூன்று குட்டி செத்தன. பிறகுதான் கால்நடை மருத்துவர் சொன்னார்: முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, எப்போதாவது இரண்டு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் ராத்திரியிலோ விடியற்காலையிலோ, மூன்று நாலு நிமிடம். தான் அங்கே இருந்தால் வாசனை பிடித்து எதிரி வரும் என்று விலகி இருக்கிற பிராணி அது. தாயைப் பார்க்காதே அம்மா, குட்டியின் வயிற்றைப் பார் என்றார். காலையில் குட்டியைக் கையில் எடுத்தால், பால் குடித்த வயிறு உருண்டையாக, தோலுக்கடியில் வெள்ளையாகத் தெரியும். குடிக்காத வயிறு சுருங்கி, தோல் மடிந்திருக்கும். சுருங்கியிருந்தால் தாயைப் பிடித்துக் குட்டிகளின் மேல் நிறுத்திக் குடிக்கவையுங்கள். ஒன்றிரண்டு நாள் வித்தியாசத்தில் குட்டி போட்ட வேறு பெட்டை இருந்தால் அதனிடம் சேர்த்துவிடலாம், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

குட்டி போட்ட பெட்டைக்குத் தண்ணீர் எந்த நேரமும் இருக்க வேண்டும். தாகத்திலோ மிரட்சியிலோ சொந்தக் குட்டியையே தின்றுவிடும். அதைக் கொடூரம் என்று திட்டுவார்கள். தண்ணீர் வைக்காதது நாம். இன்னொன்று எறும்பு. ஒரே ராத்திரியில் செவ்வெறும்பு ஓர் ஈற்றையே முடித்துவிடும். கூண்டின் நாலு காலும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சியில் நிற்கட்டும்.

தீவனம் பெரிய செலவு இல்லை. வளர்ந்த முயலுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அடர்தீவனம் (தானியமும் பிண்ணாக்கும் கலந்தது), கால் கிலோ பசுந்தழை. வேலிமசால், அகத்தி, கல்யாண முருங்கை, சர்க்கரைவள்ளிக் கொடி, அருகம்புல் எல்லாம் தின்னும். முயல் மசால் என்று பெயரிலேயே முயலை வைத்துக்கொண்டு ஒரு தீவனச் செடி இருக்கிறது, மானாவாரி நிலத்திலும் வரும். சவுண்டல் இலையை மட்டும் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள், அதிகமானால் ரோமம் கொட்டும். எந்தத் தழையானாலும் அறுத்து, நிழலில் வாடவிட்டுத்தான் போட வேண்டும். ஈரத்தோடு குவித்து வைத்துச் சூடேறிய தழை வயிற்றை ஊதவைத்துவிடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். படங்களில் கேரட் தின்னும் முயலைப் பார்த்துவிட்டுத் தினமும் கேரட் போடுகிறார்கள். அது இனிப்பு, எப்போதாவது ஒரு துண்டு போதும். முயலுக்கு நார்தான் உயிர். அதன் பல்லும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், கடிக்க ஒரு கொய்யாக் குச்சி போட்டு வையுங்கள்.

ராத்திரியில் தன் புழுக்கையையே வாய் வைத்துத் தின்பதைப் பார்த்தால் அடிக்காதீர்கள். அது சாதாரணப் புழுக்கை இல்லை. மெத்தென்று கொத்தாக வருவது, சத்து உள்ளது. மாடு அசைபோடுவது மாதிரி முயலுக்கு அது.

நோய் என்றால் குட்டிகளுக்கு ரத்தக்கழிச்சல், பெரியவற்றுக்குக் காதுச் சொறி. இரண்டும் ஈரத்திலும் அழுக்கிலும் அதிகமாகப் பரவுபவை. மருந்து விஷயத்தில் ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் மிச்சமிருக்கிற அமாக்சிசிலின், பென்சிலின் மாத்திரையைக் கரைத்து முயலின் வாயில் ஊற்றாதீர்கள். குடலில் இருக்கிற நல்ல கிருமி செத்து, கழிச்சல் வந்து, முயலும் போய்விடும். மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். தூக்கும்போது காதைப் பிடிக்காதீர்கள். பிடரித் தோலை ஒரு கையால் பிடித்து, மறுகையை அடிப்பாகத்தில் கொடுங்கள். அதன் எலும்பு லேசு, பின்னங்கால் பலம் அதிகம். துள்ளுகிற வேகத்தில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும்.

இனிச் சொல்லப்போவது வாய்க்கு வராத பேச்சு. ஆனாலும் கறிக்கு வளர்க்கிறோம் என்று சொல்லிவிட்டு அதை மறைக்கக் கூடாது. எங்கள் மகள் சின்ன வயதில் ஒரு குட்டிக்குப் பெயர் வைத்துவிட்டாள். அந்த வாரம் வீட்டில் வேறொரு முயலின் கறி சமைத்தபோது அவள் முகத்தைப் பார்த்த யாரும் சாப்பிடவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில், ஈன்று வளர்க்கும் தாய்க்கும் ஆணுக்கும் பெயர் உண்டு, கறிக்குட்டிக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்த அந்த முயல் ஆறு வருடம் இருந்து, கொல்லையிலேயே செத்து, கொய்யா மரத்தடியில் புதைத்தோம்.

மூன்று மாதத்தில் குட்டி 2 கிலோ வரும், அதில் பாதி கறியாக நிற்கும். முதல் நாள் ராத்திரி தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைப்போம். மற்ற முயல்கள் பார்க்காத இடத்தில், என் வீட்டுக்காரர் பிடரியில் ஒரே தட்டில் நினைவிழக்கச் செய்த பிறகுதான் கத்தி வைப்பார். கை நடுங்குகிற அன்று செய்ய மாட்டார். மூன்று மாதம் வெயிலும் தாகமும் தெரியாமல் வளர்த்ததை, அந்த ஒரு நிமிடத்தில் துடிக்கவிடக் கூடாது என்பது அவருக்கு வைராக்கியம்.

கறியில் கொழுப்பு மிகக் குறைவு. கோழிபோல வெள்ளையாக இருக்கும். அதனால் வறண்டுபோகும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்து, மூடிபோட்டு மிதமான தீயில் வேகவிட வேண்டும்.

எத்தனை வளர்க்கலாம் என்று கேட்பீர்கள். வீட்டுத் தேவைக்கு மூன்று பெட்டை, ஓர் ஆண். வெயில் மாதங்களை விட்டுவிட்டு ஒரு பெட்டை வருடத்துக்கு நாலு ஈற்று. ஈற்றுக்கு ஐந்து குட்டி தேறினால் வருடத்துக்கு 60 குட்டி, ஏறக்குறைய 60 கிலோ கறி. வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே கிடைக்கும். எங்கள் ஐந்து பேருக்கு அது போதும். மிச்சத்தைக் கறியாக விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெரிதாக ஆரம்பிக்க ஆசை காட்டுகிறவர்கள் வருவார்கள். எங்களிடமும் ஒருவர் வந்தார். தாய் முயலை வாங்கிக்கொள்ளுங்கள், குட்டிகளை நாங்களே நல்ல விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு தடவை எடுத்தார். மூன்றாவது தடவை போன் எடுக்கவில்லை. கூண்டு கொள்ளாத குட்டிகளோடு நாங்கள் நின்றோம். தீவனம் வாங்க என் கம்மல் அடகுக்குப் போனது. 2012-இல் கொங்குப் பக்கம் ஈமுக் கோழியை நம்பி எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்று கேட்டிருப்பீர்கள். உங்கள் ஊரில் முயல் கறி கேட்டு வாங்க ஆள் இருக்கிறார்களா என்று தெரியாமல் நாலாவது பெட்டையை வாங்காதீர்கள்.

ஆரம்பிக்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் வாங்குங்கள். கோடை வருவதற்குள் முயலுக்கு உங்கள் இடம் பழகிவிடும், உங்களுக்கும் முயல் பழகிவிடும். வாங்குவதற்கு முன்னால் காதுக்குள் பாருங்கள், பல் நேராக இருக்கிறதா பாருங்கள், வால் அடி காய்ந்து சுத்தமாக இருக்கிறதா பாருங்கள். கொண்டுவந்த நாளிலிருந்து, படுக்கப் போகும் முன் ராத்திரி ஒரு தடவை டார்ச் எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போங்கள். தண்ணீர் இருக்கிறதா, தழை தின்றிருக்கிறதா, எல்லாம் எழுந்து உங்களைப் பார்க்கிறதா. எழாமல் ஒன்று படுத்திருந்தால், கதவைத் திறந்து அதை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள்.

வணக்கம்.