ஊரடங்கில் பண்டிகை: வீட்டுக்குள் அடங்கியதும் அடங்காததும்

(திரையில்: 2020 ஏப்ரல் மாத நாட்காட்டி. 10, 12, 14 ஆகிய தேதிகள் வட்டமிடப்பட்டுள்ளன.)

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு தொடங்கி நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டது. அந்த 21 நாட்களும் முடியவேண்டிய ஏப்ரல் 14, சார்வரி வருடத்தின் சித்திரை முதல் நாளாக அமைந்திருந்தது. வருடப் பிறப்பன்று குளித்துப் புதுத்துணி உடுத்திக் கோயிலுக்குப் போய்விடலாம் என்று நம்பியிருந்த குடும்பங்கள் பல. ஆனால் அதற்கு முதல் நாளே மாநில அரசு ஊரடங்கை ஏப்ரல் 30 வரை நீட்டித்தது. சித்திரை முதல் நாள் காலை 10 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, மே 3 வரை நீட்டிப்பதாக அறிவித்தார். கண்ணாடியும் பழத்தட்டும் வைத்துக் கனி கண்ட கூடத்திலேயே உட்கார்ந்து, அந்த அறிவிப்பையும் குடும்பங்கள் கேட்டன.

அன்று தொடங்கி அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஊரடங்குக்குள் வந்து விழுந்த பண்டிகைகள் ஏராளம். அவற்றுள் எவற்றை வீட்டுக்குள் கொண்டுவர முடிந்தது, எவற்றை முடியவில்லை, கொண்டுவந்தவற்றின் சுமை யார் தோளில் ஏறியது என்பவற்றை இந்த வீடியோவில் பார்ப்போம்.

(திரையில்: ஒரு தெருவின் வரைபடம். வீடுகள் தனித்தனி வட்டங்களாகக் காட்டப்படுகின்றன.)

முதலில் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ளவேண்டும். ஊரடங்கின் தருக்கம் எளிமையானது. ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள் எப்படியும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். ஆகவே ஒரு வீட்டுக்குள் தொற்று வந்தாலும், அது அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருந்தால் பரவலின் வேகம் குறையும். வீடு என்பதே அங்கே கணக்கின் அலகு. நம் பண்டிகைகளோ ஒருபோதும் ஒற்றை வீட்டை அலகாகக் கொண்டவையல்ல. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வரவேண்டும். பொங்கலுக்கு அண்ணன் தங்கைக்குச் சீர் கொண்டுபோகவேண்டும். பெருநாள் தொழுகை முடிந்ததும் மூன்று முறை கட்டித் தழுவிக்கொள்ள எதிரில் ஒருவர் நிற்கவேண்டும். எந்தத் தொடர்பை ஊரடங்கு அறுக்க நினைத்ததோ, அதே தொடர்பைப் புதுப்பிப்பதற்காகவே பண்டிகை ஏற்பட்டிருக்கிறது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் கேட்டபோது, திருமணம், நெருங்கிய உறவினரின் இறப்பு, அவசர மருத்துவம் ஆகியவையே ஏற்கப்பட்ட காரணங்களாக இருந்தன. வருடப் பிறப்புக்கு அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

அப்படியிருந்தும் சித்திரை முதல் நாள் ஓரளவு எளிதாகவே வீட்டுக்குள் வந்தது. அதன் சடங்குகள் பெரும்பாலும் கூடத்திலும் அடுப்படியிலும் நடப்பவை. மாங்காய்ப் பச்சடிக்கு வேண்டிய வேப்பம்பூ சித்திரையில் தெருவெல்லாம் உதிர்ந்து கிடக்கும். காலை வேளையில் வாசலைப் பெருக்கும் முன்பே ஒரு துணியை விரித்து வைத்தால், கிளையை ஆட்டாமலே ஒரு கைப்பிடி பூ சேர்ந்துவிடும். மாங்காயும் வெல்லமும் கிடைத்த வீடுகளில் பச்சடிக்குக் குறைவில்லை. பூவுக்குத்தான் குறை வந்தது, அதுவும் விநோதமான முறையில். மதுரை, திண்டுக்கல் பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகை பூத்துக் குலுங்கிக்கொண்டிருக்க, கோயில்களும் கல்யாண மண்டபங்களும் மூடிக்கிடந்ததால் வாங்க ஆளின்றி விவசாயிகள் பூவைக் குப்பையில் கொட்டினார்கள். நகரத்து வீடுகளிலோ சாமி படத்துக்கு ஒரு முழம் சரம் கிடைக்கவில்லை.

ஈஸ்டர் அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 12 அன்று வந்தது. ரோமில் புனித பேதுரு பேராலயத்திலேயே ஏறத்தாழ ஆளில்லாமல் திருத்தந்தை திருப்பலி நிறைவேற்றிய ஆண்டு அது. இங்கும் பங்குத்தந்தையர் பூட்டிய ஆலயத்திலிருந்து கைப்பேசி வழியே திருப்பலியை ஒளிபரப்பினார்கள். பாட்டைச் சேர்ந்து பாட முடிந்தது, மெழுகுவர்த்தி ஏற்ற முடிந்தது; ஆனால் திருப்பலியில் கொடுக்கப்படும் அப்பமான நற்கருணையைத் திரை வழியே பெற முடியாது. அதற்குப் பதிலாக மனத்தளவில் நற்கருணை பெறுவதற்கான செபத்தைக் குடும்பமாகச் சொன்னார்கள். அது பழைய வழக்கந்தான். நோயாளிகளும் பயணத்தில் இருப்பவர்களும் சொல்லிவந்த செபத்தை அந்த ஆண்டு ஊரே சொன்னது.

(திரையில்: மதுரை மீனாட்சியம்மன் கோயில் கோபுரம். கீழே தேதி: 2020 மே 4.)

வீட்டுக்குள் வருவதற்கும் வராததற்கும் உள்ள வேறுபாட்டை மதுரையின் சித்திரைத் திருவிழாவைப்போலத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அந்த ஆண்டு கொடியேற்றமும் தேரோட்டமும் மாசி வீதி உலாக்களும் நிறுத்தப்பட்டன. திருக்கல்யாணம் மட்டும் மே 4 காலையில், சில சிவாச்சாரியார்களைக் கொண்டு, பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள் நடத்தப்பட்டு நேரலையாக ஒளிபரப்பானது. மீனாட்சிக்குத் தாலி கட்டும் அந்த முகூர்த்தத்தில் மணமான பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வது மதுரை வழக்கம். வழக்கமாகச் சித்திரை வீதிகளிலும் ஆடி வீதிகளிலும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று செய்யும் அந்தச் சடங்கை, அந்த ஆண்டு பெண்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் பலகை போட்டு அமர்ந்து செய்தார்கள். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து, குங்குமம் தயாராக வைத்துக்கொண்டு, நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு மாறும் நொடிக்காகக் காத்திருந்தார்கள். இணையம் மெதுவாக இருந்த வீடுகளில் பக்கத்து வீட்டுக் கெட்டிமேளம் முதலில் கேட்டுவிடும். அதையே கணக்காக வைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. திருக்கல்யாண விருந்தும் மொய் எழுதுவதும் இல்லாமல் போயின. என்றாலும் சடங்கின் உயிர்நாடியான பகுதி வீட்டுக்குள் வந்தது, ஏனெனில் அது முதலிலேயே ஒவ்வொரு பெண்ணின் கழுத்திலும் நடக்கும் சடங்கு.

அழகர் விஷயத்தில் அது நடக்கவில்லை. கள்ளழகர் ஆற்றில் இறங்குவதன் பொருளே, மலையடிவாரத்துக் கோயிலை விட்டுச் சாமி நம் தெருவுக்கு வருகிறது என்பதுதான். வழியெல்லாம் மண்டகப்படிகளில் தங்கி வரும் அவருக்கு, செம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே வாழையிலையால் மூடி, அதன்மேல் சூடம் ஏற்றி நீட்டுவார்கள் குடும்பத்தினர். தோல்பையில் நீர் நிறைத்துப் பீய்ச்சுகிறவர்களும், குழந்தைக்கு மொட்டை போடுகிறவர்களும், நீர்மோர் கொடுக்கிறவர்களும் சேர்ந்ததே அந்தத் திருவிழா. சாமி வரவில்லையென்றால் சர்க்கரைச் செம்பை யாரிடம் நீட்டுவது? அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அழகர் வைகைக்கு வரவில்லை. 2022 ஏப்ரல் 16 அன்று மீண்டும் அவர் ஆற்றில் இறங்கியபோது கட்டுக்கடங்காத கூட்டம் சேர்ந்தது. நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள்.

(திரையில்: அடுப்பில் கொதிக்கும் கஞ்சிப் பாத்திரம்.)

ரமலான் மாதத்தின் கதை இன்னும் நெருக்கமாகப் பார்க்கத் தக்கது. 2020இல் தமிழ்நாட்டில் முதல் நோன்பு ஏப்ரல் 25. மறுநாள் முதல் சென்னை, மதுரை, கோவை ஆகிய மாநகரங்களில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டிருந்ததால், முதல் நோன்பன்றே மளிகைக் கடைகளில் பெரும் கூட்டம் நின்றது; நோன்பு வைத்த உடலோடு வெயிலில் வரிசையில் நின்றவர்கள் அதில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் நோன்புக் கஞ்சி பள்ளிவாசலின் கஞ்சி. பெரிய அண்டாவில் காய்ச்சப்படும் அதை, மாலையில் பிள்ளைகள் தூக்குவாளியோடு சென்று வாங்கி வருவார்கள். மதம் பாராமல் தெருவில் பலருக்கும் அது கிடைக்கும். அந்த ஆண்டு கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வாய்ப்பில்லாததால், பள்ளிவாசல்களுக்கு அரசு வழக்கமாக வழங்கும் அரிசி, குடும்பங்களுக்கு அரிசியாகவே பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு வீடும் தன் கஞ்சியைத் தானே காய்ச்சவேண்டியதாயிற்று.

அண்டாவில் காய்ச்சுவதைச் சின்னப் பாத்திரத்தில் காய்ச்சுவது அவ்வளவு எளிதன்று. உடைத்த பச்சரிசி, பாசிப்பருப்பு, ஊறவைத்த வெந்தயம், பூண்டு, இஞ்சி, பட்டை, கிராம்பு, கிடைத்தால் கொஞ்சம் கொத்துக்கறி, இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால், புதினா, மல்லித்தழை என்று சேரும் பொருள்கள் அதேதான். ஆனால் மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் குழைந்து வரும் பதத்தை, குக்கரில் நான்கு விசில் வைத்துப் பெற்றுவிட முடியாது. பத்து நாள் கழித்தே பல வீடுகளில் பதம் பிடிபட்டது. இரவுத் தொழுகையான தராவீஹும் வீட்டுக்கு வந்தது. குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாபிழ் பின்னால் நின்று தொழுது பழகியவர்கள், தங்களுக்குத் தெரிந்த சிறிய சூராக்களை ஓதி மனைவி மக்களுக்குத் தொழுவித்தார்கள். பள்ளிக்குச் செல்லும் வழக்கம் இல்லாத பல பெண்களுக்கு, கணவரோடும் பிள்ளைகளோடும் ஒரே அணியாக மாதம் முழுவதும் தொழுத முதல் ரமலானாக அது அமைந்தது. ஊரடங்கு பறித்தவை பல. இதை அது கொடுத்தது என்று சொல்வதே நியாயம். மே 25 அன்று பெருநாள் தொழுகையும் கூடத்திலும் மொட்டைமாடியிலுமே நடந்தது.

ஆகஸ்ட் 2 அன்று ஆடிப்பெருக்கு. அந்த ஆண்டு ஜூன் 12 அன்றே, வழக்கமான தேதியில், மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்பட்டிருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அமைந்த வாய்ப்பு அது. காவிரியில் தண்ணீர் இருந்தது, படித்துறைக்குத்தான் வழியில்லை. ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் தளர்வற்ற முழு ஊரடங்கு. ஆடிப் பதினெட்டும் ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுந்தது. காவிரிக் கரை ஊர்களில் பெண்கள் குடத்தில் நீர் நிரப்பி மஞ்சள் கரைத்து, காதோலை கருகமணி வைத்து, காப்பரிசி படைத்து, குழாயடியையும் கிணற்றடியையும் காவிரியாக எண்ணி வணங்கினார்கள். பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருமணமாகி முதல் ஆடிக்குத் தாய்வீடு வந்து, ஆற்றங்கரையில் தாலி பெருக்கிப்போட வேண்டிய புதுப்பெண்ணுக்கு, அந்த நாள் திரும்பக் கிடைக்காது.

(திரையில்: ஒரு சமையலறை. சுவரில் கடிகாரம்.)

இனி, கேட்கப்படாமலே போகும் கேள்விக்கு வருவோம். வீட்டுக்குள் வந்த இந்தச் சடங்குகளையெல்லாம் செய்தது யார்? முறுக்கும் அதிரசமும் கடையில் வாங்கப்பட்டுவந்தன, கஞ்சி பள்ளிவாசலில் கிடைத்தது, பிரசாதம் கோயிலில் கிடைத்தது. அத்தனையும் ஒரே நேரத்தில் ஒரே அடுப்படிக்கு வந்து சேர்ந்தன. வீட்டு வேலைக்கு வருபவர்களும் வர முடியாது; கணவருக்கு வீட்டிலிருந்தே அலுவலகம், பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் வகுப்பு, முதியவர்களுக்கு வேளாவேளைக்கு மருந்து. பண்டிகைக்கு முதல் நாள் இரவு 11 மணிக்கு மாவு இடித்துச் சலித்துக்கொண்டிருந்தவர் பெரும்பாலும் ஒரு பெண்தான். குடும்பம் ஒன்றாக இருந்த இனிய காலம் என்று ஊரடங்கை நினைவுகூர்வதில் தவறில்லை. அந்த இனிமைக்கு யாருடைய தூக்கம் செலவானது என்பதையும் அந்த நினைவில் சேர்த்தே சொல்லவேண்டும். எல்லா வீடுகளும் இனிமையாக இருக்கவுமில்லை. குடும்ப வன்முறைப் புகார்கள் பெருகியதால், தொலைபேசியில் பேசக்கூட முடியாத பெண்களுக்காகத் தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரலில் ஒரு வாட்ஸ்அப் எண்ணை அறிவிக்க நேர்ந்தது.

வேலையைப் பகிர்ந்துகொண்ட வீடுகளும் இருந்தன. அங்கே நடந்தது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. முறுக்கு மாவைப் பிசைபவர் ஒருவர், பிழிபவர் ஒருவர், எண்ணெய்ச் சட்டி அருகில் நிற்பவர் ஒருவர் என்று பிரித்துக்கொண்டார்கள்; மறுநாள் பாத்திரம் கழுவுவதையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். எத்தனை வகைப் பலகாரம் என்பதை, செய்கிறவரே முடிவு செய்யவும் விட்டார்கள். ஐந்து வகை இரண்டாகக் குறைந்த வீடுகளில் பண்டிகை குறைந்துவிட்டதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

(திரையில்: 2022 ஜனவரி நாட்காட்டி. 16ஆம் தேதி சிவப்பில்.)

கடைசியாக ஒரு பண்டிகை. 2022 ஜனவரியில் கொரோனாவின் ஒமைக்ரான் திரிபு பரவியபோது, 14 முதல் 18 வரை வழிபாட்டுத் தலங்களில் மக்களுக்கு அனுமதி இல்லை. ஜனவரி 16 ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. அன்றுதான் காணும் பொங்கல். தைப்பொங்கலைப் பொறுத்தவரை பானையும் அடுப்பும் கரும்பும் இருந்தால் போதும். வாசலிலோ மாடியிலோ பொங்கிவிடலாம். மாட்டுப் பொங்கலுக்குத் தொழுவம் போதும். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டையும் அரசு ஒரு நாள் தள்ளி 17ஆம் தேதிக்கு மாற்றியது. காணும் பொங்கலுக்கோ படையலும் பாத்திரமும் முக்கியமல்ல. பெரியவர்களைப் போய்ப் பார்ப்பது, காலில் விழுவது, அவர்கள் திருநீறு பூசிக் கையில் வைக்கும் பத்து ரூபாயை வாங்கிக்கொள்வது, பிறகு எல்லோருமாகக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ போவது ஆகியவையே அந்த நாள். அதில் வீட்டுக்குள் கொண்டுவரத் தக்கதாக எதுவும் இல்லை. அன்று வீடியோ அழைப்பில் பேரப்பிள்ளைகள் கைகூப்பி நின்றார்கள். தாத்தா பாட்டிகள் ஆசி சொன்னார்கள். சிலர் யூபிஐ வழியாகப் பணமும் அனுப்பினார்கள். காணும் பொங்கலை மட்டும் அடுத்த தைக்குத்தான் ஒத்திவைக்க முடிந்தது.