இருட்டுக்குள் போய் இருட்டையா தேடுவது?

அடுத்த கேள்வி திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது. "பழுப்புக் குள்ளனுக்கு வெளிச்சமே கிடையாது என்றீர்கள் சார், அப்புறம் எதற்கு அதைத் தூசு மண்டிய மேகத்துக்குள் போய்த் தேடுகிறார்கள், வெட்டவெளியில் தேடலாமே?" பழுப்புக் குள்ளன் என்றால் நட்சத்திரமாகப் பற்றி எரிய எடை பத்தாமல் போன பொருள். போன வீடியோவில் அதற்கு "வெளிச்சமே கிடையாது" என்று நான் சொன்னது கொஞ்சம் அவசரம்தான்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை அக்கா இன்னும் கரிப்பெட்டியில்தான் இஸ்திரி போடுகிறார். ராத்திரி கரியைக் கொட்டிவிட்டு வைக்கும்போது பெட்டிக்குள் நெருப்பு இல்லை, ஆனால் கை வைத்தால் வெந்துவிடும். காலையில் அதே பெட்டி சில்லென்று கிடக்கும். பழுப்புக் குள்ளன் கதையும் இதேதான். வியாழனைப் போல் சுமார் 13 முதல் 75 மடங்கு எடை, ஹைட்ரஜனை நிலையாக எரிக்க அது பத்தாது, அதனால் சுருங்கும்போது சேர்ந்த சூட்டைச் செலவழித்தே காலத்தை ஓட்டுகிறது. பிறந்து பத்து லட்சம் ஆண்டில் பார்த்தால் எடை கூடியவை 2,500 டிகிரிகூட இருக்கும். வயதானால்? 2014-இல் அறிவித்த ஒன்று, நம்மிடமிருந்து 7 ஒளியாண்டுதான், தண்ணீர் உறைகிற குளிரில் கிடக்கிறது. ஆக, சூடு ஆறுவதற்குள் பிடிக்க வேண்டும் என்றால் பிரசவ வார்டுக்குத்தான் போக வேண்டும், நட்சத்திரங்களும் இவையும் பிறக்கிற அந்த வார்டுதான் இந்தத் தூசு மேகம்.

சரி, தூசு மறைக்காதா? போகி அன்று காலை வியாசர்பாடிப் பக்கம் சூரியன் ஆரஞ்சுத் தட்டு மாதிரி தெரியுமே, புகை நீலத்தைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை விடுகிறது. அலைநீளம் கூடக் கூட இன்னும் தாராளமாக விடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை 10,000-இல் ஒரு பங்காகக் குறைக்கிற தூசு, 2.2 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாதிக்கும் குறைவாக, ஏறக்குறைய 2.5-இல் ஒரு பங்காகத்தான் ஆக்கும்.

ஆனால் வில்லங்கமும் அதே புகையில்தான் இருக்கிறது. மேகத்துக்குப் பின்னால் எங்கோ இருக்கிற சாதாரண நட்சத்திரமும் மங்கலாகச் சிவந்து, பழுப்புக் குள்ளன் வேஷத்தில் வந்து நிற்கும். போகிச் சூரியனைப் பார்த்துவிட்டு "சூரியன் ஆறிப்போச்சு" என்று சொல்கிற மாதிரி. நிறத்தை நம்பி யாரும் பட்டியல் போட முடியாது, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலை எடுத்தே ஆக வேண்டும். குளிர்ந்த பொருளின் வளிமண்டலத்தில்தான் நீராவி இருக்கும், அது 1.4, 1.9 மைக்ரான் பக்கம் ஒளியை விழுங்கிப் பள்ளம் வைக்கும், தூசால் அந்தப் பள்ளத்தைப் போட முடியாது. நம் காற்றிலும் நீராவி இருப்பதால் தரையிலிருந்து அதை அளப்பது தலைவலி. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி மேலே போனதும் அந்தத் தொல்லை விட்டது, 2023-இல் பெர்சியஸ் விண்மீன் மண்டலத்தில் ஐசி 348 என்ற இளம் நட்சத்திரக் கூட்டத்தில் வியாழனைப் போல் 3, 4 மடங்கே எடையுள்ள ஒன்றைப் பிடித்தார்கள். 13-க்குக் கீழே என்றால் கோள்தானே என்று கமென்ட்டில் சண்டைக்கு வராதீர்கள். தனியாகவே பிறந்ததால் அதைப் பழுப்புக் குள்ளன் என்கிறார்கள், எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

தம்பி, தை மாதம் ராத்திரி எட்டு மணிக்கு மொட்டைமாடி ஏறி, வேட்டைக்காரன் (ஓரியன்) விண்மீன் மண்டலத்தின் இடுப்பில் வரிசையாக இருக்கும் மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே பைனாகுலரைத் திருப்புங்கள். மணலிப் பக்கத்து வெளிச்சத்தையும் மீறி ஒரு சின்னப் புகைத்திட்டு தெரியும், அதுவும் இப்படிப்பட்ட பிரசவ வார்டுதான். பழுப்புக் குள்ளன்கள் அதற்குள்ளும் நிறைய இருக்கின்றன, பைனாகுலருக்குத்தான் சிக்காது.