வால்வை அணைக்காதே

நண்பர்களே, வால்வு ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் சிலராவது இருப்பீர்கள். குமிழைத் திருகியதும் அது பாடாது. வால்வுக்குள் இருக்கும் இழை சூடேற வேண்டும். அப்போதுதான் கேத்தோடு என்ற முனையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, காற்றில்லாத கண்ணாடிக்குள் பாய்ந்து, எதிரே உள்ள தகட்டைச் சேரும். நடுவில் ஒரு கம்பி வலை. அதற்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் ஓட்டம் நின்றுவிடும், எடுத்தால் மறுபடி ஓடும். கணினிக்கு அடிப்படையில் வேண்டியது இதுதான்: ஓட்டம் உண்டா, இல்லையா. டெலிபோன் நிலையங்களில் இருந்த ரிலே என்ற காந்த சுவிட்சும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் அதில் ஒரு இரும்புத் துண்டு அசைய வேண்டும், அதற்குச் சில மில்லி விநாடிகள் பிடிக்கும். வால்வில் அந்தத் தாமதம் கிடையாது.

அப்புறம் ஏன் அந்தக் காலப் பொறியாளர்கள் வால்வுகளை வைத்துக் கணினி கட்டத் தயங்கினார்கள்? வால்வு அடிக்கடி போய்விடும் என்ற பயம். ஒன்றிரண்டு என்றால் மாற்றிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் வைத்தால் தினமும் எதையாவது கழற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

அப்படி நினைக்காத ஒருவர் டாமி ஃபிளவர்ஸ். லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த தபால் துறை ஆராய்ச்சி நிலையத்தின் பொறியாளர். டெலிபோன் கருவிகளில் ஆயிரக்கணக்கான வால்வுகளை ஓட்டிப் பார்த்தவர். குண்டு பல்பு பெரும்பாலும் எப்போது ஃபியூஸ் ஆகிறது? சுவிட்சைப் போடும் அந்த நொடியில்தானே! இழை திடீரென்று சூடாகி விரிகிறது, அணைத்தால் சுருங்குகிறது. வால்வும் அப்படித்தான். அணைக்காமல் விட்டால் நீண்ட நாள் உழைக்கும். இது அவர் கையால் கண்ட உண்மை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமாக இருந்த பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் லோரென்ஸ் சங்கேதத்தை உடைக்க 1943-இல் ஒரு இயந்திரம் இருந்தது. இரண்டு காகித நாடாக்கள் ஒன்றோடொன்று பிசகாமல் ஓட வேண்டும். ஆனால் நாடா இழுபடும், கிழியும். ஒரு நாடாவின் வேலையை வால்வுகளிடமே விட்டுவிடலாம் என்றார் ஃபிளவர்ஸ். அங்கிருந்தவர்கள் நம்பவில்லை. சரி என்று டாலிஸ் ஹில்லுக்குத் திரும்பிச் செய்துகாட்டினார். சுமார் 1,600 வால்வுகள் கொண்ட 'கொலோசஸ்' 1944 பிப்ரவரியில் வேலையைத் தொடங்கியது. நாடாவிலிருந்து விநாடிக்கு 5,000 எழுத்துகளைப் படித்தது. அடுத்த வடிவத்தில் ஏறக்குறைய 2,400 வால்வுகள். அதையும் அணைக்காமலே வைத்திருந்தார்கள்.

இதைப் பற்றி எதுவும் அறியாமல், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எக்கர்ட் என்ற பொறியாளர் இன்னும் துணிச்சலாகச் சுமார் 18,000 வால்வுகளோடு 'எனியாக்' என்ற கணினியைக் கட்டினார். அவரும் அணைக்க விடவில்லை. கூடவே, குறித்த அளவைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் வால்வுகளை ஓட்டினார். முழு பலத்தையும் கேட்காவிட்டால் ஆயுள் கூடும் என்பது கணக்கு. பின்னாளில், சராசரியாக இரண்டு நாளுக்கு ஒரு வால்வுதான் போனது. இத்தனை ஆயிரத்தில் ஒன்று! அதற்கான விலை, சுமார் 150 கிலோவாட் மின்சாரமும் அந்தச் சூட்டைத் தணிக்கப் பெரிய விசிறிகளும்.

எனியாக் 1946-இல் செய்தித்தாள்களில் வந்தது. ஃபிளவர்ஸோ போருக்குப் பின் வந்த உத்தரவின்படி கொலோசஸின் வரைபடங்களை டாலிஸ் ஹில் உலையில் போட்டு எரித்தார். 1970-கள் வரை வெளியே மூச்சுவிட முடியவில்லை. அதற்குள், ஆயிரக்கணக்கான வால்வுகளை முதலில் கணக்குப் போட வைத்தது எனியாக்தான் என்று பாடப்புத்தகங்கள் எழுதி முடித்துவிட்டன.