பையன் கோலி (கோல்கீப்பர்) ஆகணும்னு சொன்னால் தடுக்காதீங்க

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது நம்ம நீரோடி கடற்கரை. இப்படியே கரையோரமா நடந்தால் பொழியூர் வந்துவிடும், அது கேரளம். சாயந்திரம் ஆனால் இரண்டு பக்கத்துப் பையன்களும் ஒரே மணலில்தான் பந்து தட்டுவார்கள். இன்றைக்கு நான் பேசப் போவது கோலியை, அதாவது கால்பந்தில் போஸ்டைக் காக்கிற கோல்கீப்பரைப் பற்றி மட்டும்.

தூத்தூரிலிருந்து பொழியூர் வரை எந்தப் பையனைக் கேட்டாலும் முன்னால் நின்று கோல் அடிக்கிற ஃபார்வர்டு, இல்லையென்றால் ஓரத்தில் ஓடுகிற விங். இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் என்கிற இந்தியாவின் பெரிய கால்பந்து லீக் வரைக்கும் போனார், அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவரை மாதிரி விங்கில் ஓட ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் டீம் பிரிக்கும்போது கடைசியில் யார் மிஞ்சுகிறானோ அவனைத்தான் "நீ போய் கோலி நில்லுடா" என்று அனுப்புகிறோம். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபி, அதில் 2018 ஃபைனல் ஞாபகம் இருக்கா? ஏப்ரல் 1, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், கேரளமும் மேற்கு வங்காளமும், கூடுதல் நேரம் முடிந்தும் 2-2. பெனால்டியில் கடைசி உதையை உள்ளே அடித்து ஜெயிக்க வைத்தது பொழியூர்க்காரர் சீசன். 2005-க்கு அப்புறம் கேரளத்துக்குக் கிடைத்த கோப்பை அது, நமக்கெல்லாம் அவ்வளவு பெருமை. சரி, அதற்கு முன்னால் நடந்ததை யோசியுங்கள். வங்காளத்தின் முதல் இரண்டு உதையையும் கோலி மிதுன் பிடித்து நிறுத்தியிருந்தார். அது நடக்காமல் இருந்திருந்தால் சீசன் எவ்வளவு பெரிய சுமையோடு பந்து முன்னால் வந்து நின்றிருப்பார்!

போஸ்டின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. பெனால்டி அடிக்கிற இடம் 11 மீட்டரில். வலுவாக அடித்தால் பந்து வந்து சேர அரை நொடிகூட ஆகாது, பார்த்துவிட்டுப் பாயலாம் என்றால் நடக்காது. அடிக்கிறவனின் ஊன்று கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, இடுப்பு எப்படி விரிகிறது என்று அவன் ஓடி வரும்போதே படிக்கணும், அதுவும் கோலியின் ஒரு காலாவது கோல் கோட்டில் இருக்கணும்.

நம்ம பிள்ளைகளுக்கு இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. மணலில் எப்படி விழுந்தாலும் வலிக்காது, அதனால் முழங்கையை முதலில் ஊன்றி விழுகிற பழக்கம் வந்துவிடுகிறது. அப்படியே செம்மண் கிரவுண்டில் போய்ப் பாய்ந்தால் முழங்கைத் தோல் உரியும், இடுப்பெலும்பு கன்றிப்போகும், அடுத்த பந்துக்குப் பாயவே மனசு வராது. கைகள் பந்துக்குப் பின்னால் இருக்க, தோளும் விலாவும் தொடையும் பக்கவாட்டில் உருண்டு விழணும். யாராவது சொல்லித் தந்தால்தான் வரும். கிளவுஸும் அப்படித்தான், உள்ளங்கையில் இருக்கிற லேடெக்ஸ் ரப்பருக்கு மணலும் வெயிலும் ஆகாது. ஆட்டத்துக்கு முன்னால் லேசாக நனைக்கணும், முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடணும். வள்ளத்து ஓரத்தில் வெயிலில் காய வைத்து வெடித்துப்போன கிளவுஸை நான் இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன், காசு போட்டு வாங்கினது பாவம்.

ஆனால் நமக்கு ஒரு பெரிய பலமும் இருக்கிறது. 1992-லிருந்து, கூட ஆடுகிறவன் வேண்டுமென்றே காலால் தட்டித் தரும் பந்தைக் கோலி கையால் எடுக்க முடியாது. அதனால் இன்றைக்குக் கோலிக்குக் காலும் பேசணும். மணலில் வெறுங்காலோடு வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்பாகவே வரும்.

அப்புறம் பொறுமை. பதினொன்றில் ஒரே ஒரு இடம், முதல் கோலி நன்றாக ஆடினால் இரண்டாவது ஆள் பெஞ்சில்தான். அர்ஜென்டினா கோலி எமிலியானோ மார்டினெஸைப் பாருங்கள், அவரும் மார் டெல் பிளாட்டா என்கிற மீன்பிடித் துறைமுக ஊர்க்காரர்தான். பொடியனாக இங்கிலாந்து கிளப் ஆர்சனலுக்குப் போய், ஆக்ஸ்ஃபோர்டு, ராதர்ஹாம், கெட்டாஃபே, ரெடிங் என்று வேற கிளப்புகளுக்குத் தற்காலிகமாக, கடனுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டே இருந்தார். 2020-ல் முதல் கோலி லெனோவுக்கு அடிபட்ட பிறகுதான் கதவு திறந்தது. இரண்டே வருஷத்தில் உலகக் கோப்பை ஃபைனல், கடைசி நிமிஷம், பிரான்ஸின் கோலோ முவானி தனியாக வந்து அடித்த பந்து மார்டினெஸின் இடது காலில் பட்டுப் போகிறது! அன்றைக்கு இந்தக் கரையில் எழுந்த சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன்.

இந்த வேலைக்கு ஆயுசும் கூட. டீனோ ஸோஃப் 1982-ல் 40 வயதில் இத்தாலிக்கு கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கினார். எகிப்தின் எல் ஹடாரி 2018-ல் 45 வயதில் உலகக் கோப்பையில் பெனால்டியைத் தடுத்தார். இந்திய அணியின் கோலியாக இருந்த நம்ம பீட்டர் தங்கராஜ் ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தபோது சென்டர் ஃபார்வர்டு, அங்கேதான் கோலியாக மாறினார். 1956, 1960 ஒலிம்பிக்ஸ், 1962 ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் என்று எவ்வளவு தூரம் போனார் பாருங்கள்.

அப்பா அம்மாமாரே, பையன் கோலி நிற்கிறேன் என்றால் "அடிபடும், வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். கிளப் நடத்துகிற அண்ணன்மாரே, ஜெர்சிக்குப் போடுகிற காசில் கொஞ்சம் எடுத்து இரண்டு ஜோடி நல்ல கிளவுஸ் வாங்கி வையுங்கள். போலீஸ், ரயில்வே, பேங்க் டீம் எதிலாவது கோலியாக ஆடிவிட்டு இந்தக் கரையில் இப்போது இருக்கிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வாருங்கள் அண்ணா, பிள்ளைகளைக் கூட்டி வருவது என் பொறுப்பு.