ஐந்தில் வளைய விடுங்கள்

(மேலூர் வட்டத்துப் பள்ளியொன்றின் பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அம்மையார் அவர்களே, பந்தலும் மின்விசிறியும் தம் செலவில் அமைத்துத் தந்த முன்னாள் மாணவர்களே, எனக்குப் பின் பேசுவதற்காகப் பொறுமையோடு காத்திருக்கும் மருத்துவர் அவர்களே, நடவு வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம். யார் பெயரேனும் விடுபட்டிருந்தால் பொறுத்தருள்க. சென்ற ஆண்டு ஒருவருக்குப் பொன்னாடை போர்த்த மறந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பார்கள். காளையின் திமிலைப் பிடித்துப் பேரெடுத்த இந்த மண்ணில், இன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தம் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இதைப் பற்றிப் பை, பெஞ்சு, மைதானம் என்று மூன்று தலைப்புகளில் பேசவிருக்கிறேன்.

முதலில் பை. நான் பணியிலிருந்தபோது, அரிட்டாபட்டிப் பக்கமிருந்து பேருந்தில் வரும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் முதுகு வலிக்கிறது என்று அடிக்கடி மரத்தடியில் உட்கார்ந்துவிடுவான். ஒருநாள் அவன் பையை நானே தூக்கிப் பார்த்துத் திடுக்கிட்டு, பள்ளிக்கு எதிரே இருந்த பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தேன். முள் ஏழரை கிலோவில் நின்றது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "மொத்தமா போட்டுரலாமா சார், நல்ல விலை தர்றேன்" என்றார். பையனின் எடையோ முப்பத்தொரு கிலோ. திறந்து பார்த்தால் எல்லாப் பாடத்துக்கும் நோட்டு, போன வருடத்துக் கைடு, இரண்டு லிட்டர் தண்ணீர், அடியில் ஒரு பம்பரம். அந்தப் பம்பரம் ஒன்றுதான் அவனுக்கு உண்மையில் தேவைப்பட்ட பொருள் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

நடுவண் அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, பை மாணவனின் எடையில் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு இரண்டு முதல் மூன்று கிலோ. 2018-இல் சென்னை உயர்நீதிமன்றமும் இந்தச் சுமையைக் குறைக்கச் சொன்னது. நாங்களும் அவன் பையை மூன்று கிலோவாக்கினோம். வலி போகவில்லை. பையின் எடைக்கும் பிள்ளைகளின் முதுகுவலிக்கும் உறுதியான தொடர்பை ஆய்வுகள் காட்டவில்லை என்பதைப் பிற்பாடு அறிந்தேன். சுமை குறையத்தான் வேண்டும். ஆனால் பையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் வழக்கு முடியாது.

அவன் தாயார் எண்ணெய் தடவி, கபடிக்குப் போகாதே என்று இரண்டு வாரம் படுக்க வைத்திருந்தார். அவனைப் பார்த்த மருத்துவரோ தொட்டுப் பார்த்து, குனியச் சொல்லி, காலின் வலுவைச் சோதித்துவிட்டு, "எலும்பில் கோளாறு இல்லை, படுக்க வைக்காதீர்கள், விளையாட விடுங்கள்" என்றார். எக்ஸ்ரே படமே எடுக்காமல் அனுப்புகிறாரே என்று அந்த அம்மாவுக்கு மனத்தாங்கல். இந்த வயதில் வரும் முதுகுவலியில் பெரும்பகுதி இப்படிக் குறிப்பிட்ட நோய் ஏதுமின்றி வந்து தானே தணிவதுதான். ஆயினும் இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், எடை குறைதல், கால் மரத்துப் போதல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எண்ணெயோடு நிற்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகெலும்பில் காசநோய் தங்குவதும் நம் நாட்டில் உண்டு. மீதியை மருத்துவர் அவர்கள் சொல்வார்கள்.

பையன் விளையாடப் போனானா என்றால், எங்கே போவது? வாரம் இரண்டு பி.டி. பீரியடையும் கணக்குப் பாடம் விழுங்கியிருந்தது. கணக்கு ஆசிரியர் என் நண்பர்; முன்வரிசையில்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார். நான் சண்டை போட்டு ஒன்றை மீட்டேன். மாதம் ஒன்று ஆவதற்குள் அவன் கபடியில் பாடிப் போய் வந்தான், மரத்தடிக்கு வரவில்லை. பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடும் உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாமோ வாரத்துக்கு ஒரு பீரியடுக்கே மல்லுக்கட்டுகிறோம். ஐந்தில் குனிந்து நிமிர்ந்து வளையாத உடம்பு ஐம்பதில் வளையுமா?

பெஞ்சைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விளையாட்டுப் பாடவேளையில் வேறு பாடம் நடத்தக்கூடாது என்ற தீர்மானத்தை எழுதியே கொண்டு வந்திருக்கிறேன். தலைவர் அம்மையார் முதல் கையெழுத்தைப் போட வேண்டுகிறேன். இரண்டாவது கையெழுத்துக்குக் கணக்கு ஆசிரியரை மேடைக்கு அழைக்கிறேன்.