நின்றால் கொதிக்கும் வண்டி

வணக்கம் நேயர்களே.

வண்டி கொதிக்கிறது என்று யார் பட்டறைக்கு வந்தாலும், பானட்டைத் திறப்பதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: "எங்கேங்க கொதிச்சுது?" வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். "இன்ஜின்லதாங்க" என்பார். நான் கேட்பது இடம். சேலம் ஐந்து ரோட்டு சிக்னலிலா, ஓமலூர் பக்கம் பைபாஸிலா, ஏற்காடு ஏற்றத்திலா? பாதி நோய் அந்தப் பதிலில் இருக்கிறது.

பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே முன்னால் இருக்கிற ரேடியேட்டருக்குள் புகுந்து, இன்ஜின் சூட்டை வாங்கி வருகிற தண்ணீரை ஆற்றிவிடும். சிக்னலில் நின்றால் அந்தக் காற்று கிடையாது. ஃபேன் சுற்றினால்தான் உண்டு. ஆகவே ஓடும்போது சாதுவாக இருந்து, நின்றால் கொதிக்கிற வண்டியில் முதலில் காற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஓட ஓடக் கொதித்தால், ஏற்றத்தில் கொதித்தால், அது பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கத்துக் கோளாறு: ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீரைச் சுற்றவிடுகிற வாட்டர் பம்ப், சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற தெர்மோஸ்டாட்.

இதை நான் ஒரு டாக்ஸிக்காரர் காசில் கற்றுக்கொண்டேன். பெங்களூர் போய் வந்தாலும் அவர் வண்டியில் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டாது. செவ்வாய்ப்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே பத்து நிமிஷம் மாட்டினால் சிவப்புக்குப் போய்விடும். நான் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். பிறகு வாட்டர் பம்ப். பிறகு ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். நாலாவது தடவை வந்தவர், "அண்ணா, இன்னும் என்ன பாக்கி? ஸ்டியரிங்கா?" என்றார்.

ஃபேன் சுற்றுவதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அதனால் அதன்மேல் சந்தேகமே வரவில்லை. அன்றைக்குத் தற்செயலாக என் பழைய மேஸ்திரி வந்தார். வண்டி முன்னால் நின்று பீடியைப் பற்ற வைத்தார். கிரில்லுக்குள் இழுபட வேண்டிய புகை அவர் முகத்துக்கே திரும்பியது. "டேய், ஃபேன் வெளியே ஊதுதுடா" என்றார். வேறு எங்கோ ஃபேன் மோட்டார் மாற்றியபோது இரண்டு வயரையும் மாற்றி முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். ஃபேன் தலைகீழாகச் சுற்றி, இன்ஜின் பக்கத்து அனலையே ரேடியேட்டருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. வயரை மாற்றிக் கொடுக்க ஐந்து நிமிஷம். டாக்ஸிக்காரர் என்னிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் வலித்தது.

பீடிக்கு நான் விளம்பரம் செய்யவில்லை. இப்போது பட்டறையில் ஊதுபத்திதான். சாமி படத்துக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று.

வீட்டில் நீங்களே பார்க்கலாம். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் காற்று சரியான திசையில் போகிறது. சுற்றவே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ஃபேனுக்குக் கரண்டை விடுகிற ஸ்விட்சான ரிலே. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே ரகம். நம்பர் ஒத்துப்போனால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், பைசா செலவில்லை. அதற்கும் அசையாவிட்டால் மோட்டார் அல்லது சென்சார். விரலை மட்டும் உள்ளே விடாதீர்கள்; சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். தறிப் பட்டறைகள் இருக்கிற தெருவில் நிற்கும் வண்டிகளில் பஞ்சும் தூசியும் சேர்ந்து கம்பளி போல அப்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குங்க தெர்மோஸ்டாட், கழட்டிப் போட்டுடுங்க" என்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். அது 80-லிருந்து 90 டிகிரிக்குள் திறக்கிற ஒரு கதவு. அதை எடுத்தால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். ஃபேன் கோளாறு அப்படியே இருக்கும்.

ஏற்காட்டுக் கதை வேறு. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் இன்ஜின் முக்குகிறது, காற்றோ குறைவு. அங்கே பலரும் மறக்கிற சாமான் ரேடியேட்டர் மூடி. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் அந்த வசதி போச்சு. மேலே ஏரிப் பக்கம், சுமார் 1500 மீட்டர் உயரத்தில், வெறும் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பல வண்டிகளில் ஃபேன் சுற்றத் தொடங்குகிற சூடே கிட்டத்தட்ட அதுதான்.

போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். வீட்டு அண்டாவில் படிகிற வெள்ளை உப்பு, ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ஆயில் மூடிக்கு உள்பக்கம் பால் காபி நிறத்தில் நுரை இருந்து, தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், இன்ஜினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைத்து வைக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்து வாருங்கள்.

வழியிலேயே முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுசாகத் திருப்புங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி அணையுங்கள். மூடியைத் திறக்க அவசரம் வேண்டாம், கொதி தண்ணீர் முகத்துக்கு வரும். அரை மணி கழித்து, துணியைப் போட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால், இன்னொரு டீ குடிக்க நேரம் இருக்கிறது.