பந்தியில் சேர்ந்தவர்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். தொடக்கக் கால யூதரையும் கிறிஸ்தவரையும் ஒன்றாகக் கட்டி நிறுத்தியது உபவாசமே என்று எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். இல்லை ஐயா, விருந்துதான்.

மோசேயின் சட்டம் ஆண்டுக்கு எத்தனை நாள் உபவாசம் கேட்டது? ஒரே நாள், பாவநிவாரண நாள். ஓய்வுநாளோ வாரந்தோறும் வரும். அதில் மூன்று வேளை சாப்பிட வேண்டும் என்று யூத மத ஆசிரியர்களான ரபிமார் விதித்தார்கள்.

யூதத் தலைவர் நெகேமியா காலத்து எருசலேமைப் பாருங்கள். சட்டநூலை வாசிக்கக் கேட்ட ஜனங்கள் அழுகிறார்கள். அழுகிற கூட்டத்தை அப்படியே உபவாசத்தில் உட்கார வைப்பது எவ்வளவு எளிது! ஆனால் அவர்களுக்குச் சொல்லப்பட்டது வேறு: போய் நல்லதாகச் சாப்பிடுங்கள், இனிப்பானதைக் குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் இந்த மேடையில் நிற்கிறேன். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா இரவில் பரம ஏழைக்கும் நான்கு கிண்ணம் திராட்சரசம் குறையக் கூடாது, தருமத்தில் இருந்தாவது கொடுங்கள் என்கிறது ரபிமாரின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தது. அங்கே படைத்த பலி நின்றுபோன பிறகு இறைச்சி எதற்கு, திராட்சரசம் எதற்கு என்று பலர் விட்டுவிட்டார்கள். ரபி யோசுவா அவர்களிடம் கேட்டார்: அப்படியானால் அப்பமும் படைத்தோமே, அதையும் விடலாமா? தண்ணீரும் வார்த்தோமே? அவர்களிடம் பதில் இல்லை. துக்கத்திற்கும் ஓர் அளவு உண்டு என்று சொல்லி அவர்களைத் திரும்பச் சாப்பிட வைத்தவர் அவர். படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிற இடம் அது.

சரி, டிடாக்கே என்ற பழைய கிறிஸ்தவ நூல் புதனும் வெள்ளியும் உபவாசம் இருக்கச் சொல்கிறதே என்றார்கள். சொல்கிறது. அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள்: வயிறார உண்ட பிறகு சொல்ல வேண்டிய நன்றி ஜெபம் அங்கே இருக்கிறது.

கிரேக்க நகரமான கொரிந்தின் கிறிஸ்தவச் சபை விருந்தில் ஒருவர் பசியோடு நிற்க, இன்னொருவர் குடித்து வெறித்துக் கிடந்தார் என்பதும் உண்மை. அப்போஸ்தலர் பவுல் கடிந்துகொண்டார். ஆனால் பந்தியை நிறுத்தவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று எழுதினார்.

அப்புறம், எதிரணியின் பெரிய சாட்சியான ஹெர்மாஸ். இரண்டாம் நூற்றாண்டு ரோமாபுரிக் கிறிஸ்தவ எழுத்தாளர். உபவாச நாளில் மிச்சமாகும் சாப்பாட்டுச் செலவைக் கணக்குப் போட்டு விதவைக்கோ அநாதைக்கோ கொடுக்கச் சொல்கிறார். அன்று அந்த விதவை வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமே, அதை எந்த அணியின் கணக்கில் எழுதப் போகிறீர்கள், நடுவர் அவர்களே?